கிளுவை வேலிக்கு வெளியே

காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலையில், இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆளரவமில்லாத இடமாகப் பார்த்து நாய்க்குட்டிகளை விட்டுப் போகிறார்கள். சாக்கில் கட்டி வந்து, வண்டியை நிறுத்தி, இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பார்த்தவரை அவை அநேகமாக எல்லாமே பொட்டைக் குட்டிகள். கடுவன் குட்டிக்கு எப்படியும் ஒரு தோட்டம் கிடைத்துவிடுகிறது. பொட்டைக்குத்தான் கிடைப்பதில்லை.

எங்கள் செவலையும் அந்தச் சாலையிலிருந்து வந்தவள்தான். கோவை வீட்டுக்கு வந்தபோது காதெல்லாம் உண்ணி. தேறி, தடுப்பூசிகள் போட்டு, ஆறு மாதத்தை நெருங்கியபோது, "பருவத்துக்கு வர்றதுக்குள்ள கருத்தடை பண்ணிடலாமுங்க" என்றார் கால்நடை மருத்துவர். செய்ய வேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வீட்டில் அதைப் படித்துக் காட்டியதும் அம்மா கேட்டார்: "பொட்டை நாய்க்கு ஆபரேசனா? நம்ம பக்கம் எந்தக் காலத்துல இதெல்லாம் பண்ணுனாங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன்.

முதலில் போனது காங்கயம் பக்கத்தில் இருக்கும் மாமாவிடம். அம்மாவின் மூத்த அண்ணன். கொறங்காடும் செம்மறிப் பட்டியும் வைத்திருப்பவர். கொறங்காடு என்பது இந்தப் பக்கத்துக்கே உரிய மேய்ச்சல் நிலம்: சுற்றிலும் உயிருள்ள கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரங்கள். காங்கயம் காளைகள் அதில்தான் வளர்கின்றன. இனவிருத்திக்கு வைக்காத காளைக்குக் காயடித்து எருதாக்குவது இங்கே உழவளவுக்குப் பழைய வேலை. ஆட்டுக்கிடாய்க்கும் அதுவே. மாமாவின் சின்ன வயதில் ஊருக்கே வந்து செய்துவிட்டுப் போவார்களாம். பிறகு கால்நடை மருந்தகத்தில் இடுக்கி வந்தது. தோலைக் கீறாமல் வெளியிலிருந்தே விதையின் நரம்பை நசுக்கிவிடும் இரும்புக் கருவி அது.

"பொட்டைக்கு என்ன பண்ணுவீங்க மாமா?"

"பொட்டைக்கு என்னத்தைப் பண்றது அம்மிணி? அதுக்கு எல்லாம் வயித்துக்குள்ளயல்ல இருக்குது. வயித்தைக் கிழிச்சா அப்பறம் பொழைக்குமா? பசுவுன்னா கன்னு போடட்டும், ஆடுன்னா குட்டி போடட்டும். பொட்டை நாய் போட்டா என்ன பண்ணுறது? தூரமாக் கொண்டுபோயி விட்டுட்டு வந்துருவோம்."

சாலையோரக் குட்டிகளின் பூர்வீகம் இந்த ஒரு பதிலில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஈவிரக்கம் இல்லாத ஊரல்ல எங்கள் ஊர். மழை பொய்த்த வருடத்தில் தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் வாங்கியவர் என் மாமா. ஆண் விலங்கின் இனவிருத்தியை வெளியிலிருந்தே நிறுத்த முடிந்தது. பெண் விலங்கின் வயிற்றைத் திறந்து மூடும் வழி கைக்கு எட்டவில்லை. எட்டாததால் குட்டியை வேலிக்கு வெளியே விட்டார்கள்.

வேறு எங்காவது எட்டியிருந்ததா என்று பார்த்தால், வியப்பூட்டும் அளவுக்குப் பழைய சான்று கிடைக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், விலங்குகளைப் பற்றிய தம் நூலின் ஒன்பதாம் புத்தகத்தில், பெண் பன்றிக்குச் சூலகத்தை வெட்டி எடுப்பதை விவரிக்கிறார். இரண்டு நாள் பட்டினி போட்டு, பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டு, அடிவயிற்றைக் கீறி, வெட்டி, தைத்துவிடுவார்களாம். போருக்குப் போகும் பெண் ஒட்டகங்கள் சினையாகாமலிருக்க அவற்றுக்கும் செய்வார்களாம். பின்னாளில் இங்கிலாந்தில் பன்றிகளுக்கு இதைச் செய்வதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். ஆக, கத்தி என்றைக்கோ எட்டிவிட்டது. வலியில்லாமலும் சீழ் பிடிக்காமலும் செய்வதற்குத்தான் 1846இல் ஈதர் மயக்கமும் 1867இல் லிஸ்டரின் கிருமிநீக்க முறையும் வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இது வசதியுள்ளவர்களின் வளர்ப்பு நாய்க்கான வைத்தியமாகவே இருந்தது.

தெருநாய்க்கு இதைச் செய்யலாம் என்ற எண்ணம் எங்கே முளைத்தது? அமெரிக்காவில் என்றுதான் எதிர்பார்த்தேன். லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி குறைந்த செலவில் கருத்தடை செய்யும் மையத்தை 1971இல் திறந்தது. அந்த நாட்டில் அதுவே முதல் நகராட்சி மையம். ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 1964இல், நம் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கிவிட்டது. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959இல் ஆரம்பித்த அமைப்பு அது. மழை வெள்ளத்தில் தத்தளித்த குட்டிகளைக் காப்பாற்றியதில் தொடங்கிய வேலை. கருத்தடைத் திட்டத்தை முன்னெடுத்தவர் அவருடைய மகன் சின்னி கிருஷ்ணா. படிப்பால் பொறியாளர்.

அவருடைய வாதம் ஒரு பொறியாளருடைய வாதமேதான். சென்னை மாநகராட்சி தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியது 1860இல். நூறு ஆண்டுகளுக்கு மேல் கொன்ற பிறகும் நாய்களும் குறையவில்லை, வெறிநாய்க்கடிச் சாவும் குறையவில்லை, கொல்ல வேண்டிய எண்ணிக்கைதான் ஏறிக்கொண்டே போனது என்றால், முறையில்தானே பிழை இருக்க வேண்டும்? ஒரு தெருவில் நாயைப் பிடித்துப் போனால் அங்கே குப்பையும் எச்சில் சோறும் அப்படியே கிடக்கின்றன. பக்கத்துத் தெரு நாய் வந்து குடியேறி, குட்டி போட்டு, காலியான இடத்தை நிரப்பிவிடுகிறது. பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு அதே தெருவில் விட்டால், அது குட்டியும் போடாது, புது நாயையும் உள்ளே விடாது. இந்த வாதத்தை மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001 டிசம்பரில் மத்திய அரசு இதை நாடு முழுமைக்குமான விதியாக்கியது. 2023இல் புதிய விதிகள் வந்தன. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22ஆம் தேதி அந்த ஆணையைத் திருத்தி, வெறிபிடித்தவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ஏறத்தாழ சென்னையில் 1964இல் சொல்லப்பட்டதுதான்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அட, நம்ம மெட்ராஸா?" என்றார். அந்த ஆச்சரியம் எனக்கும் இருந்தது.

கோவையில் சீரநாயக்கன்பாளையத்திலும் உக்கடத்திலும் மாநகராட்சிக் கருத்தடை மையங்கள் இருக்கின்றன. தெருவில் இடது காது நுனியில் சின்ன வெட்டோடு திரியும் நாய் அப்படி ஒரு மையத்துக்குப் போய்வந்த நாய். மலைமேல் ஊட்டியில் உலகளாவிய கால்நடை மருத்துவச் சேவை அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது. பல மாநிலங்களிலிருந்தும் இளம் கால்நடை மருத்துவர்கள் அங்கே வந்து, சிறிய கீறலில், சுத்தமாக, விரைவாக இந்த அறுவையைச் செய்யப் பழகுகிறார்கள். அதே நீலகிரியில்தான் 1907இல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நாய் கடித்தால் ஊசிக்காகக் கொங்குச் சனங்கள் குன்னூருக்கு மலையேறிய காலம் அது. இன்று அந்த மலையிலிருந்து கடிக்கு முந்தைய வைத்தியமும் இறங்கி வருகிறது.

இனி மருத்துவரின் சீட்டுக்கு வருகிறேன். அதிலிருந்த ஒவ்வொரு வரிக்கும் ஒரு பூர்வீகம் இருந்தது.

முதல் வரி ரத்தப் பரிசோதனை. எங்கள் பக்கத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிச்சியா என்ற கிருமி ரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் வெளியில் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும். கத்தி வைத்தால் ரத்தம் உறையாது. செவலைக்கு எண்ணிக்கை குறைவாகவே இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, மறுபடி பார்த்து, ஏறியபிறகே நாள் குறித்தார்கள்.

அடுத்தது எந்த வயதில் என்பது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மார்பகப் புற்றுநோய் வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு 1969இல் கலிபோர்னியாவில் ஷ்னைடர் என்பவரின் குழு வெளியிட்ட ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. கருத்தடை செய்யாத நாயின் ஆபத்தை 100 என்று வைத்தால், முதல் பருவத்துக்கு முன் செய்தால் 0.5, ஒரு பருவம் கண்டபின் 8, இரண்டு கண்டபின் 26 என்றது அது. 2012இல் லண்டன் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியினர் இது தொடர்பான ஆய்வுகளையெல்லாம் அலசி, சான்று பலவீனமானது என்றார்கள். பெரிய இன நாய்களுக்கு மிக இளவயதில் செய்தால் மூட்டுக் கோளாறு கூடலாம் என்று 2013க்குப் பிறகு கலிபோர்னியாவிலிருந்தே ஆய்வுகள் வந்தன. எனவே கோல்டன் ரெட்ரீவரோ ஜெர்மன் ஷெப்பர்டோ வைத்திருப்பவர்கள் ஒரு வயதுவரை பொறுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். செவலை போன்ற நடுத்தர நாட்டு நாய்க்கு அந்தக் கவலை குறைவு. இதில் ஐயமே இல்லாத நன்மை கருப்பையில் சீழ் வைக்கும் நோயிலிருந்து விடுதலை. கருத்தடை வழக்கம் குறைவாக இருந்த சுவீடனில், ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் நாய்க்குப் பத்து வயதுக்குள் அந்த நோய் வந்ததாகக் காப்பீட்டுக் கணக்குகள் காட்டின. கவனிக்காமல் விட்டால் உயிரைக் கொண்டுபோகும் நோய் அது. ஏற்கெனவே பருவத்தில் இருக்கும் நாய்க்கு ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் தள்ளிச் செய்கிறார்கள்.

பிறகு பட்டினி. அரிஸ்டாட்டிலின் பன்றிக்கு இரண்டு நாள். 1946இல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன், மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போவதன் ஆபத்தை எழுதினார்: 44,016 கருவுற்ற தாய்மார்களில் 66 பேருக்கு அது நேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு நள்ளிரவுக்கு மேல் ஒன்றும் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம் போலவே ஆனது, நாய்களுக்கும் வந்தது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கத்தின் 2020 வழிகாட்டல், ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் போதும், தண்ணீரைத் தடுக்க வேண்டியதில்லை என்கிறது. கோவை வெயிலில் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மறைக்க வேண்டியதில்லை என்று அறிந்தது எனக்குப் பெரிய ஆறுதல். இருந்தாலும் நேரத்தை நாமாக முடிவுசெய்யக் கூடாது. அறுவை செய்பவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவை முடிந்து வீடு வந்த மாலை செவலை தள்ளாடினாள், மெல்ல முனகினாள். மயக்கம் முழுதாகத் தெளியும்வரை உடம்புச் சூடு குறைந்திருக்கும் என்பதால் போர்த்திவைத்தோம். கட்டிலிலும் படியிலும் ஏறவிடவில்லை. தயிர்ச்சோற்றைக் கொஞ்சமாக, கெட்டியில்லாமல் கரைத்து வைத்தேன். பாதி சாப்பிட்டாள். அம்மா மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார். மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், காயத்தில் எதையும் பூசக் கூடாது என்று. "சரி, அவரு சொன்னாச் சரிதான்" என்று கிண்ணத்தை உள்ளே கொண்டுபோனவர், இரவெல்லாம் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

வலி மருந்தை மருத்துவர் கொடுத்த அளவில் மட்டும் தர வேண்டும். நம் வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து ஒன்றும் கூடாது. இபுபுரூஃபன் நாய்க்கு விஷம். ஈறு வெளுத்தால், வயிறு உப்பினால், காயத்திலிருந்து ரத்தமோ சீழோ கசிந்தால், இரண்டாம் நாளும் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

சிரமம் முதல் இரவில் இல்லை, மூன்றாம் நாளுக்குப் பிறகுதான். அப்போது அவளுக்கு நன்றாகிவிட்டதாக அவளே முடிவுசெய்துவிட்டாள். கழுத்தில் கூம்பு மாட்டியபடியே காக்கையைத் துரத்தப் பார்த்தாள். வெளியே தெரிவது தோல் தையல் மட்டும். உள்ளே வயிற்றுச் சுவரிலும் ஒரு தையல் இருக்கிறது. குதித்தால் முதலில் விடுவது அதுதான். பத்திலிருந்து பதினான்கு நாள்வரை, தையல் பிரிக்கும்வரை, சங்கிலியோடு குறுநடை மட்டும், குளியல் கிடையாது, நக்கவும் விடக் கூடாது. அந்த நாட்களில் வீட்டிலிருந்து ஒருவர் எந்நேரமும் கூட இருந்தோம். கருத்தடைக்குப் பிறகு உடம்புக்குத் தேவை குறைகிறது, பசி கூடுகிறது. அதனால் சோற்றை அளந்தே வைக்கிறோம்.

தையல் பிரித்த பிறகு செவலையை அழைத்துக்கொண்டு மாமா ஊருக்குப் போனேன். வயிற்றைத் தடவிப் பார்த்தார். தழும்பு இரண்டு விரல் அகலம்கூட இல்லை. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பட்டியைக் காட்டினார். காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் சில வருடங்களாகக் கூட்டமாகத் திரியும் நாய்கள் இரவில் பட்டி புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுகின்றன. செத்த ஆடுகளைச் சாலையில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள்; இழப்பீடு கேட்டுப் போராடினார்கள். அந்தக் கூட்டங்கள் எங்கிருந்து வந்தவை என்று மாமாவுக்கு நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"இதை ஊருக்கே பண்ணலாமல்லோ. எங்க கொண்டுபோறது?" என்றார்.

கேள்வி நியாயமானது. மையங்கள் பெரும்பாலும் மாநகரத்தில் இருக்கின்றன. குட்டிகளை விடும் சாலை கிராமத்தில் இருக்கிறது. பக்கத்து மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்குமானது. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு, ஆனால் தோட்டத்து நாயை அவ்வளவு தூரம் யார் கொண்டுபோவார்கள்? 2023 விதிகள் இந்தப் பொறுப்பை மாநகராட்சிக்கு மட்டும் கொடுக்கவில்லை, ஊராட்சிக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கின்றன. மாமாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிலரும் ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறார்கள்: வருடத்துக்கு இரண்டு முறை ஊரிலேயே முகாம், பொட்டை நாய்களுக்கு முதலில். மனுவை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.