அந்த ஐந்து கோல்கள்

பந்தை உதைத்து விளையாடுவதில் இத்தனை ஆவேசம் எதற்கு என்று கேட்கும் பெரியவர்கள் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. இளமையில் மூன்று ஆண்டுகளைக் கல்கத்தாவில் கழித்திராவிட்டால் நானும் அவர்களோடு சேர்ந்து அதையே கேட்டிருப்பேன். அந்நகரின் பெயர் பிற்காலத்தில் கொல்கத்தா என்று மாறிவிட்டது. ஆயினும் நான் வாழ்ந்த காலத்து வழக்கப்படி கல்கத்தா என்றே எழுதுகிறேன்.

1974ஆம் ஆண்டு, எண்டாலிப் பகுதியில் என் தாய்மாமா நடத்திவந்த தோல் மண்டியில் உதவிக்குச் சேர்ந்தேன். அங்கே இருபது ஆண்டுகளாக எதிரெதிரே அமர்ந்து வேலை பார்த்த இருவர் இருந்தனர். ஒருவர் கணக்கர். தலைமுறை தலைமுறையாகக் கல்கத்தாவிலேயே வாழ்ந்த குடும்பம். மற்றவர் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெரியவர். 1950இல் கிழக்கு வங்காளத்துப் பாரிசாலிலிருந்து ஒரேயொரு தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். கணக்கரைப் போன்ற மண்ணின் மைந்தர்களை வங்காளிகள் அழைக்கும் சொல் நம் காதில் ஏறக்குறைய 'கோட்டி' என்று விழும். எங்கள் நெல்லைச் சீமையில் அச்சொல்லுக்குப் பித்துப் பிடித்தவர் என்று பொருள் என்றேன். கணக்கர் சிரிக்கவில்லை. கிடங்குப் பெரியவர் மாதக்கணக்கில் சிரித்தார்.

கணக்கருக்கு மோகன் பகான், பெரியவருக்கு ஈஸ்ட் பெங்கால். இதில் ஐயத்துக்கே இடமில்லை. மோகன் பகான் 1889இல் தோன்றிய சங்கம். 1911ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷையர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றபோது, அதன் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடினர். ஈஸ்ட் பெங்கால் 1920இல் தொடங்கப்பட்டது. 1947இல் நாடு துண்டாடப்பட்டு, வீடு வாசலை இழந்து மக்கள் வந்து குவிந்த பிறகு, அந்தச் சங்கத்தின் பெயரே அவர்களுக்கு ஊர்ப்பெயர் ஆயிற்று. போன ஊருக்குத் திரும்ப வழியில்லை. மைதானத்தில் மட்டும் அந்த ஊர் பதினொரு பேராக இறங்கி ஓடியது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் 'இலிஷ்' மீனும், மோகன் பகான் வென்றால் இறாலும் சந்தையில் விலை ஏறும். தோற்றவர் வீட்டில் அடுப்பு எரிவதே ஐயம்.

என் மாமாவோ இவ்விரு கட்சியிலும் சேராதவர். முகமதன் ஸ்போர்ட்டிங்தான் அவருக்கு உலகம். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அச்சங்கம் கல்கத்தா லீக்கை வென்றதை, கேட்பவர் கேளாதவர் எல்லாரிடமும் சொல்வார். 1975இல் ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து ஆறாவது முறையாக லீக்கை வென்று அச்சாதனையைக் கடந்தபோது, பெரியவர் இனிப்புப் பொட்டலத்தை நீட்டினார். நோன்பு என்று சொல்லி மாமா அதை ஒதுக்கிவிட்டார். அன்று நோன்பு தொடங்கவே இல்லை என்பதைச் சொல்லும் துணிவு மண்டியில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

அவ்வாண்டு ஷீல்டு இறுதியாட்டம் செப்டம்பர் 30ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. அப்போது ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து நடந்துகொண்டிருந்தது. நாட்டில் நெருக்கடி நிலை. ஊரில் துர்கா பூஜைக்கான ஆயத்தங்கள். பிற்பகலில் மண்டியில் வேலை தானாகவே நின்றுபோயிற்று. வானொலிப் பெட்டியைத் தோல் கட்டின்மேல் வைத்துச் சுற்றிலும் அமர்ந்தோம்.

ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே சுரஜித் சென்குப்தா முதல் கோலை அடித்தார். அடுத்து ஷியாம் தாப்பா. பிறகு ரஞ்சித் முகர்ஜி. இடைவேளைக்குள் மூன்று. இடைவேளைக்குப் பின் தாப்பா மீண்டும் ஒன்று. நான்கு கோல்களை வாங்கிய இளம் கோல்காப்பாளர் பாஸ்கர் கங்கூலியை வெளியே அழைத்து, வேறொருவரை நிறுத்தினர். ஆட்டம் முடியும் தறுவாயில் சுபங்கர் சன்யால் ஐந்தாவதை அடித்தார். ஐந்துக்குப் பூஜ்யம்! பரம எதிரிகளான இவ்விரு சங்கங்கள் மோதிய இறுதியாட்டத்தில் அப்படியொரு தோல்வியைக் கல்கத்தா கண்டதில்லை.

மூன்றாவது கோல் வரை பெரியவர் கூவினார். நான்காவதுக்குக் கைதட்டியதோடு சரி. ஐந்தாவது விழுந்தபோது எழுந்துபோய் வானொலியின் ஒலியைக் குறைத்தார். கணக்கர் பேரேட்டை மூடினார், குடையை எடுத்தார், போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் அவர் வரவில்லை. இதற்கிடையே, தோல்வியைத் தாங்கமாட்டாமல் மோகன் பகான் அபிமானி ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி பரவியது. இளைஞர். அடுத்த பிறவியில் அச்சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரனாகப் பிறந்து பழிதீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டுப் போனாராம். அதைக் கேட்ட மாமாவின் முகம் வெளிறிப்போனது.

"மருமகனே, நீ போய்க் கணக்கரைப் பார்த்துவிட்டு வா. பூஜை போனஸ் கணக்கில் ஐயம் என்று சொல்" என்றார்.

நான் புறப்பட்டபோது, அழைக்காமலே பெரியவரும் உடன் வந்தார். சியால்தா சந்தையருகே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், கையில் ஓலைப் பொட்டலத்தோடு திரும்பினார். வென்றவர் அல்லவா, இலிஷ் வாங்கியிருப்பார் என்று எண்ணினேன். உள்ளே இருந்தது இறால்.

கணக்கரின் மனைவி கதவைத் திறந்தார். பொட்டலத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், ஒன்றும் கேளாமல் வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். கணக்கர் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். வெகுநேரம் எவரும் பேசவில்லை. கடைசியில் பெரியவர்தான் தொடங்கினார்.

"தாதா, பாரிசாலை விட்டு வந்தேனே, அதற்கு மறுநாளும் எனக்குப் பசித்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன்."

கணக்கர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "போனஸ் பட்டியலைக் கொண்டுவந்தாயா?" என்று கேட்டார். கொண்டுவந்திருந்தேன். பிரித்துப் பார்த்து, கூட்டலில் இல்லாத பிழை ஒன்றைக் கண்டுபிடித்துக் கடிந்துகொண்டார். பெரியவரின் முகத்தில் அப்போது தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அந்த அம்மையார் எனக்காகத் தண்ணீரும் வாழைப்பழமும் பொரியும் கொண்டுவந்து வைத்தார். அன்றைய நோன்பை அவர்கள் வீட்டிலேயே திறந்தேன். சமையலறையிலிருந்து கடுகெண்ணெயில் இறால் வதங்கும் மணம் வந்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகு நடந்தவைதாம் எனக்கு இன்றளவும் வியப்பு. ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த வெற்றியைத் தேடித்தந்த பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி மறு ஆண்டே மோகன் பகானுக்குச் சென்றார். நான்கு கோல் வாங்கிய பாஸ்கர் கங்கூலி ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்து, 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்கே தலைவரானார். இரண்டு கோல் அடித்த ஷியாம் தாப்பா 1977இல் மோகன் பகானின் சட்டையை அணிந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் பெலேயின் காஸ்மாஸ் அணி ஈடன் தோட்டத்தில் ஆடியபோது, மோகன் பகானுக்காகக் கோல் அடித்த இருவரில் அவரும் ஒருவர். மற்றவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த முகமது ஹபீப். கல்கத்தாவின் மூன்று பெருஞ்சங்கங்களுக்கும் ஆடியவர்.

ஆட்டக்காரர்கள் தெருவைக் கடப்பதுபோல எளிதாக எதிர்ப்பக்கம் போய்விட்டனர். அது அவர்கள் பிழைப்பு. குறை கூற ஒன்றுமில்லை. இரண்டாண்டுகளாகத் தாப்பாவின் பெயரைக்கூட வாயால் உச்சரியாத கணக்கர், 'நம்ம ஷியாம்' என்று சொல்லத் தொடங்கினார். அந்த இளைஞர் இரண்டே ஆண்டுகள் பொறுத்திருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அவ்வாண்டின் இறுதியில் நான் ஊர் திரும்பினேன். 1980 ஆகஸ்ட் 16ஆம் நாள், ஈடன் தோட்டத்தில் இதே இரு சங்கங்கள் மோதிய லீக் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் உயிரிழந்தனர். செய்தித்தாளில் அதைக் கண்டதும் பதறிப்போய்க் கடிதம் எழுதினேன். பத்து நாள் கழித்துக் கிடங்குப் பெரியவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. இருவரும் மைதானத்துக்குப் போகவில்லை, மண்டியில் அமர்ந்து வானொலியில்தான் கேட்டோம் என்று எழுதியிருந்தார். முகவரி மட்டும் கணக்கரின் கையெழுத்தில் இருந்தது.