35 சதவீதம்

கடந்த தை மாதத்தில் ஒரு விடியற்காலை, எலப்புள்ளியில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன அப்பா, வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குள் பாலக்காட்டில் இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டார்கள், வலி தணிந்தது. மறுநாள் வாளையாறு கடந்து கோவையில் ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட். வீடு திரும்பும்போது கையில் ஓர் எக்கோ அறிக்கை: 35 சதவீதம்.

இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை பங்கை வெளியேற்றுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. நலமான இதயத்தில் ஏறத்தாழ 55க்கு மேல் இருக்கும்.

அந்த எண் எங்கள் வீட்டை ஆளத் தொடங்கியது. அம்மா மண்வெட்டியை ஒளித்து வைத்தார். மருத்துவர் மெல்ல நடக்கச் சொல்லியிருந்தும், அப்பாவைத் திண்ணையைத் தாண்ட நாங்கள் விடவில்லை. வயலைக் குத்தகைக்கு விடும் பேச்சை எடுத்தவன் நான்தான். ஒற்றை அளவீட்டிலிருந்து முடிவுக்குத் தாவாதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லும் அதே நான்.

பிறகுதான் படித்தேன். அடைப்பு நீங்கி இரத்தம் பாய்ந்தாலும், பிழைத்த தசை உடனே சுருங்கத் தொடங்குவதில்லை. உயிரோடிருந்தும் நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் அது திகைத்து நிற்கும். 1982இல் யூஜின் பிரான்வால்டும் ராபர்ட் க்ளோனரும் இந்நிலையை விளக்கி எழுதினார்கள். இதனால்தான், திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்கருவியை நெஞ்சில் பொருத்துவதா என்ற முடிவைக்கூடப் பொதுவாக 40 நாள்களேனும் கழித்தே எடுக்கிறார்கள். முதல் எக்கோ தீர்ப்பன்று, வழக்கின் தொடக்கம்.

ஊசியும் முழுச் சிகிச்சையன்று. கட்டு கரைந்தாலும் குழாயின் குறுக்கம் அப்படியே இருக்கும். அருகிலுள்ள மருத்துவமனையில் ஊசி, பின் பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் என்று இரண்டையும் இணைத்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது.

அதன்பின் அப்பாவை நடக்கவிட்டோம். முதலில் வாசல்வரை, பிறகு பனைமர வரிசைவரை. மாத்திரைகள் ஒருநாளும் தவறவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த எக்கோ 48 காட்டியது. மீதி தழும்பாகிவிட்ட தசை, அது மீளாது. எல்லோருக்கும் இந்த அளவு மீளும் என்றும் சொல்ல முடியாது.

எண்ணைச் சொன்னேன். அப்பா அதைப் பொருட்படுத்தவில்லை. ஒன்றுதான் கேட்டார்:

“வயலக் குடுத்துட்டியா?”

“இல்லப்பா.”

எழுந்து போய் மண்வெட்டியைத் தேடினார்.