பதினொரு மணிக்கு எழுதப்பட்ட நான்கு மணி

மோட்டார் வாகனத்தின் அடியிற் குனிந்து பார்த்தவர்கள், சக்கரத்தைத் தாங்கும் கைகள் உடற்சட்டத்தோடு பொருந்துமிடத்தில், இறப்பர் பதித்த சிறிய உலோக உருளைகளைக் கண்டிருப்பர். வாகனம் திருத்துவோர் இதனைப் 'புஷ்' என்பர். வீதியின் அதிர்ச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்வது இதுவே. பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய முதலாண்டில், இவ்வுருளைகளைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய, கொழும்புக்கு அண்மையிலுள்ள தொழிற்சாலையொன்றிற் பயிலுநர்ப் பொறியியலாளனாக நான் பணியாற்றினேன். அங்கு நான் இட்ட ஒரு கையொப்பத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றேன்.

கணக்காய்வு என்றதும் நமக்குக் காசேடும் பற்றுச்சீட்டுமே நினைவுக்கு வரும். மோட்டார்க் கைத்தொழிலிலோ தரத்துக்கும் கணக்காய்வு உண்டு, அது இருவகைப்படும். முடிவுற்றுப் பொதியிடப்பட்ட பொருளை எடுத்து, வாங்குபவரின் கண்கொண்டு அளந்து பார்ப்பது உற்பத்திப்பொருட் கணக்காய்வு. பொருள் உருவாகும் இடத்துக்கே சென்று, பொறியும் மனிதரும் பதிவேடும் வகுத்த நெறிப்படி இயங்குகின்றனவா என நோக்குவது செயன்முறைக் கணக்காய்வு. ஜேர்மனிய மோட்டார்க் கைத்தொழிற் சங்கம் முன்னதற்கு வீ.டீ.ஏ. 6.5 எனவும், பின்னதற்கு வீ.டீ.ஏ. 6.3 எனவும் தனித்தனி நெறிநூல்களை வகுத்துள்ளது. இரண்டும் வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. இறப்பர் உலோகத்தில் எவ்வளவு உறுதியாக ஒட்டியுள்ளது என்பதை அறிய உருளையைப் பிய்த்தே பார்த்தல் வேண்டும். பிய்த்ததை விற்க முடியாது. எனவே, சோதிக்கப்படாத ஆயிரம் உருளைகளுக்குச் செயன்முறையின் ஒழுங்கே பிணை நிற்கின்றது.

வெளிநாட்டுக் கொள்வனவாளர் வருவதற்கு ஒரு வாரம் முன்னர், உள்ளகக் கணக்காய்வு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. களஞ்சியத்திலிருந்து பத்து உருளைகளை எடுத்து அளந்தேன், பிய்த்தும் பார்த்தேன். பத்தும் தேறின. மறுநாள் முற்பகல் பதினொரு மணிக்கு, இறப்பரை வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கும் அச்சுப்பொறியின் அருகே சென்றேன். மணிக்கொருமுறை வெப்பநிலையைக் குறிக்கவேண்டிய தாளில், பிற்பகல் நான்கு மணி வரைக்குமான கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. எல்லாவற்றிலும் 155 பாகை. பொறியின் முள்ளோ 147 இல் நின்றது.

பொறியை இயக்கியவர் என் தந்தையின் வயதினர். "ஐயா, இன்னும் வராத நேரத்துக்கு எப்படி எழுதினீர்கள்?" என்று கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. "உள்ளதை எழுதினால் ஏச்சு விழும், சேர். இப்படி எழுதினால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை" என்றார்.

முகாமையாளரிடம் சொன்னேன். அவர் பொறியைத் திருத்துமாறு பணித்தார், அது நன்றே. ஆயின் தாளையும் புதிதாக எழுதுவிக்குமாறு பணித்தார். எழுதப்பட்டது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையொப்பமிட்டேன். வந்தவர்கள் தாள்களின் துப்புரவைப் பாராட்டிச் சென்றனர். 147 பாகையில் இறுகிய அவ்வுருளைகள் எந்நாட்டு வீதியில், எவருடைய குழந்தைகளைச் சுமந்தோடின என்பதை நான் அறியேன்.

பின்னர், 1924 இல் அமெரிக்கரான வோல்டர் ஷூஹார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தைப் பிறருக்குக் கற்பிக்கும் நிலை எனக்கு வாய்த்தது. எந்தச் செயன்முறையிலும் அளவுகள் சற்றே ஏறியிறங்கும். அவ்வசைவில் இயல்பானது எது, காரணம் தேடவேண்டியது எது எனப் பிரித்தறிவதே அவ்வரைபடத்தின் பயன். அசையாத எண்வரிசை பொறியின் குரலன்று. அஞ்சிய மனிதனின் குரல். யப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில், குறை கண்ட எந்தத் தொழிலாளியும் இழுப்பதற்கெனக் கயிறொன்று தொங்கவிடப்பட்டதன் பொருள் எனக்கு அப்பொழுதே முற்றாக விளங்கிற்று. கயிற்றை இழுத்தவரிடம் மேற்பார்வையாளர் விரைவது ஏசுவதற்கன்று, உதவுவதற்கு. குறை உடனே தீராதாயின் உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

எழுத்து பொய்க்கும்போது நேர்வதற்கு ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் வரலாறு சான்று. அதன் கார்கள் சிலவற்றில், திறப்பிட்டு இயக்கும் ஆளி எளிதில் வழுவி, ஓடும்போதே இயந்திரத்தை நிறுத்தியது; மோதலிற் காக்கவேண்டிய காற்றுப்பைகளும் அதனால் விரியாதுபோயின. 2006 இல் ஆளியின் அமைப்பு மாற்றப்பட்டது. பாகத்தின் இலக்கம் மட்டும் மாற்றப்படவில்லை. ஒரே இலக்கத்தின்கீழ் இருவேறு ஆளிகள் இருந்தமையால், ஆய்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் மயங்கினர். 2014 இலேயே ஏறத்தாழ 26 இலட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நட்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

இன்று ஆய்வுகூடத்தில் மாணவர் தரும் அளவீடுகள் பாடநூலோடு அச்சொட்டாகப் பொருந்தும்போது, எனக்கு அந்த 155 நினைவுக்கு வருகின்றது. பிழைத்த அளவீட்டுக்கு நாம் புள்ளி குறைக்கின்றோம். பொருந்திய அளவீட்டைக் கேள்வியின்றி ஏற்கின்றோம். இப்பழக்கம் தொழிற்சாலையில் தோன்றுவதன்று. அங்கு செல்வோர் நம்மிடமிருந்தே கொண்டுசெல்கின்றனர். ஆதலால், 147 ஐ 147 என்றே எழுதிவரும் மாணவனுக்கு இப்பொழுது நான் புள்ளி குறைப்பதில்லை. ஏன் அவ்வாறு வந்தது என அவனுடன் சேர்ந்து தேடுகின்றேன். அன்று அப்பெரியவரிடம் நான் செய்திருக்கவேண்டியதும் அதுவே.