பாதி டாக்டர்

உபாத்தியாயர்களாகிய எங்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. முதல் வரிசையில் உட்கார்ந்து பளிச்சென்று பதில் சொல்லும் பிள்ளையைக் கண்டால், "நீ டாக்டராவாய்" என்று வரம் கொடுத்துவிடுவோம். வரம் கொடுப்பவர்கள் நாங்கள். அதற்காகத் தவம் கிடப்பவர்களோ பெற்றோர்கள். இருபது வருஷமாகக் கரும்பலகையோடு காலங் கழித்து வரும் நானும் இக்குற்றத்தைப் பலமுறை செய்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றை நேயர்களிடம் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் ஊர்த் தையற்காரர் ஒருவரின் மகள் என்னிடம் படித்தாள். கெட்டிக்காரி. நான் கொடுத்த வரத்தை அவள் தகப்பனார் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வில் அவளுக்குப் போதிய மார்க்கு கிடைக்கவில்லை. ஒரு நாள் மாலை அவள் என் வீட்டுக்கு வந்து, "ஸார், சென்னையில் பிஸிஷியன் அஸிஸ்டெண்ட் என்று ஒரு படிப்பு இருக்கிறது. மூன்று வருஷம் பாடம். ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. சேரட்டுமா?" என்று கேட்டாள்.

'அஸிஸ்டெண்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் என் முகம் சுளித்தது. "பாதி டாக்டராவதற்கா இவ்வளவு படித்தாய்? இன்னும் ஒரு வருஷம் முயன்று பார், அம்மா" என்றேன். முயன்றாள். தகப்பனார் கடன் வாங்கிப் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டினார். இரண்டாம் முறையும் தவறிவிட்டது. பின்பு என்னைக் கேளாமலே அவள் அந்தப் படிப்பில் சேர்ந்தாள். கேளாதது நியாயந்தான்.

அதற்குப் பிறகே, வெட்கத்தினால், அத்தொழிலைப் பற்றித் தேடிப் படித்தேன். 1965-ஆம் வருஷம் அமெரிக்காவில், வட கரோலினாவிலுள்ள டியூக் சர்வகலாசாலையில், யூஜீன் ஸ்டெட் என்னும் வைத்தியப் பேராசிரியர் இதைத் தொடங்கினார். அங்கே டாக்டர்கள் போதவில்லை. கடற்படையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து தேர்ந்தவர்களோ, சேவை முடிந்து ஊர் திரும்பினால் அந்தத் திறமைக்கு இடமின்றி இருந்தார்கள். அப்படிப்பட்ட நால்வரைக் கொண்டு அவர் வகுப்பை ஆரம்பித்தார். 1967-ல் மூவர் தேறினார்கள். நம் நாட்டில் 1992-ல், சென்னை மதராஸ் மெடிகல் மிஷனில், இருதய அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் இப்படிப்புக்கு வித்திட்டார். நோயின் வரலாற்றைக் கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, குறிப்பெழுதுவது, அறுவைச் சிகிச்சையில் கைகொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. எதுவும் டாக்டரின் மேற்பார்வையில்தான். 2021-ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டமொன்றில் இத்தொழிலுக்கும் இடம் கிடைத்தது.

சட்டத்தில் கிடைத்த இடம் எங்கள் தெருவில் கிடைக்கவில்லை. தகப்பனார், "பெண் டாக்டருக்குப் படிக்கிறாள்" என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆகவே விடுமுறைக்கு அவள் வந்தபோது திண்ணையில் ஒரு கூட்டம் கூடிவிட்டது. மூட்டு வலி, தலை சுற்றல், தூக்கமின்மை! அவள் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாக விவரம் கேட்டாள். ஆனால் மருந்து மட்டும் சொல்ல மறுத்தாள். "நான் டாக்டர் இல்லை, பாட்டி. டாக்டரிடம் சொல்ல வேண்டியதை எழுதித் தருகிறேன், காட்டுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"ஒரு மாத்திரையின் பேரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று தகப்பனார் உள்ளே வந்து சீறினார்.

"நான் படித்த படிப்பு குறைந்துவிடும், அப்பா" என்றாள் அவள். அவர் அன்று முழுவதும் அவளுடன் பேசவில்லை.

சென்ற மாதம், பயிற்சி வருஷத்தின் நடுவே, என்னைப் பார்க்க வந்திருந்தாள். ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாள். மறுநாள் அவருக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை. ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிட்டு வந்த ஒரு மாத்திரையை ஐந்து நாள் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும். "நிறுத்திவிட்டேன்" என்றார் பெரியவர். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த அவர் மனைவியிடம், "மருந்துப் பையைக் கொஞ்சம் காட்டுங்கள், அம்மா" என்று கேட்டாள். பையில் பாதி தீர்ந்த வேறொரு அட்டை இருந்தது. கம்பெனி வேறு, பெயர் வேறு. உள்ளே இருந்த மருந்து அதேதான். டாக்டர் நிறுத்தச் சொன்ன பெயர் இதில் இல்லையென்று, அந்த அம்மாள் தினந்தோறும் தவறாமல் கொடுத்து வந்திருக்கிறாள்! அன்று காலையிலும் கொடுத்திருந்தாள்.

அவள் உடனே டாக்டரிடம் சொன்னாள். சிகிச்சை தள்ளி வைக்கப்பட்டது. பிறகு நல்லபடியாக நடந்தது.

"டாக்டர் உன்னைப் பாராட்டினாரா?" என்று ஆவலுடன் கேட்டேன்.

"'சரி, எழுதி வை' என்றார், ஸார். எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்."

"உனக்கு வருத்தமில்லையா?"

சற்று யோசித்தாள். "முதல் வருஷத்தில் இருந்தது. 'டாக்டர் எப்போது வருவார்?' என்று நோயாளிகள் என்னையே கேட்பார்கள், ராத்திரி அழுவேன். இப்பொழுது அந்தக் கேள்விக்கு, 'பத்து மணிக்கு வருவார். அதற்குள் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லுங்கள்' என்று பதில் சொல்லப் பழகிவிட்டேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. கடைசியில், "உன் ஒரு வருஷத்தை நான் வீணாக்கிவிட்டேன், அம்மா" என்றேன். "பரவாயில்லை, ஸார்" என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"அந்தக் கடனை அப்பா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார், ஸார். இனிமேல் யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

இந்த வருஷமும் என் வகுப்பின் முதல் வரிசையில் ஒரு சிறுவன் பளிச்சென்று பதில் சொல்லுகிறான். பழக்கத்தினால் வரம் நுனி நாக்கு வரையில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும், தம்பி?" என்று கேட்டேன். அவன் சொல்லி முடிக்க வெகு நேரமாயிற்று. முழுவதையும் கேட்டேன்.