மூன்று மையில் ஒகேனக்கல்

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. கடைப்பை, கல்யாணத் தாம்பூலப் பை என்று துணிப்பைகள் திரும்பவும் நம் கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் மேல் இருக்கும் படங்கள் எப்படித் துணியில் ஏறுகின்றன என்று பார்க்க, தர்மபுரியிலிருந்து அதியமான்கோட்டை போகும் வழியில் இருக்கும் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்குப் போயிருந்தேன். முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் டிசைனரும். பின்னால் தகரக் கொட்டகையில் நீள மேசைகள், மைவாளிகள், சுவரோரம் சாய்த்து வைத்த மரச்சட்டங்கள்.

நான் போன நேரம் ஒரு கடைக்காரரின் ஆர்டர் திரையில் இருந்தது. ஒகேனக்கல் அருவி, கீழே ஒரு பரிசல், அதில் துடுப்புடன் பரிசல்காரர். போனில் எடுத்த படம். மஞ்சள் துணியில் அச்சாக வேண்டும். மொத்தம் மூன்று மைதான்.

“ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் போடணும்ங்க. நாலாவது கலர்னா நாலாவது சட்டம், நாலாவது தடவ இழுக்கணும். பை விலைக்கு அது கட்டாது” என்றார் டிசைனர்.

இன்றைய திரைகள் 1 கோடியே 67 லட்சம் வண்ணங்களைக் காட்டுகின்றன. அதை மூன்றாகச் சுருக்கும் பயிற்சி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “வெப் டிசைன் படிச்சப்பதான் அண்ணா. அப்போ 216 கலர்தான்” என்றார்.

அந்த 216-க்கு ஒரு கணக்கு உண்டு. 1990-களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றால் ஒரே நேரத்தில் 256 வண்ணங்களைத்தான் காட்ட முடிந்தது. விண்டோஸிலும் மேக்கிலும் பொதுவாக நம்பக்கூடியவை அவற்றில் 216. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஆறே படிகள்: 0, 51, 102, 153, 204, 255. ஆறை மூன்று முறை பெருக்கினால் 216. இந்தப் பட்டியலுக்கு வெளியே போன வண்ணம் பார்ப்பவர் திரையில் புள்ளி புள்ளியாக உடைந்து தெரியும்.

அந்த உடைசலையே கருவியாக்கிய பில்டர் ஒன்றும் வந்தது. 1999-இல் வெளியான போட்டோஷாப் 5.5-இல் டிதர்பாக்ஸ் என்று இருந்தது. பட்டியலில் இல்லாத ஒரு நிறத்தைக் கொடுத்தால், பட்டியலில் உள்ள நிறங்களைச் சிறு கட்டங்களாக மாற்றி மாற்றி அடுக்கித் தரும். தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைக் கலந்து, கேட்ட நிறமாகவே எடுத்துக்கொள்ளும். துணி அச்சில் புள்ளிகளை வைத்து நிழல் காட்டுவதும் இதே வித்தைதான். மானிட்டருக்குக் கற்றது மைக்கும் பொருந்திவிட்டது.

இப்போது டிசைனர் வேலை செய்வது கிம்ப் என்ற இலவச மென்பொருளில். அதோடு ஜிமிக் என்ற ப்ளக்-இன். பிரான்சின் கான் நகரத்து ஆய்வுக்கூடத்தில் உருவாகி, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி வெளிவந்தது. அதில் போஸ்டரைஸ் என்ற பில்டரைத் திறந்து வண்ணங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்தார். அருவியின் நுரை ஒரே பரப்பானது. பாறையின் மடிப்புகள் இரண்டு மூன்று திட்டுகளாக ஒடுங்கின. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த சிறு திட்டுகளையும் அதே பில்டர் பக்கத்து நிறத்தோடு சேர்த்துவிட்டது.

பரிசல்காரரையும் காணோம். பழுப்புச் சட்டை பாறையோடு போய்விட்டது.

பில்டரைக் குறை சொல்ல முடியாது. அது பரப்பைப் பார்க்கிறது. அதிக இடத்தைப் பிடித்த நிறத்துக்கே அங்கே இடம். படத்தில் பாதிக்கு மேல் தண்ணீரும் பாறையும்; மனிதர் விரல்நுனி அளவு. ஆனால் பையை வாங்குகிறவர் முதலில் தேடப்போவது அவரைத்தான். டிசைனர் அசல் படத்துக்குத் திரும்பி, பரிசல்காரரையும் துடுப்பையும் பாத்ஸ் டூலால் வெட்டி எடுத்துத் தனி லேயரில் வைத்தார். சட்டைக்கு வெள்ளை, உடம்புக்கும் பரிசலுக்கும் மெரூன், கரையோர மரங்களுக்குப் பச்சை என்று அவரே முடிவு செய்தார்.

அடுத்த சிக்கல் துணி. திரையில் ஒன்றும் இல்லாத இடம் வெள்ளை. பையில் ஒன்றும் இல்லாத இடம் மஞ்சள். வெளுப்பாக இருக்கவேண்டிய அருவியை அப்படியே விட்டால் மஞ்சளாகக் கொட்டும். அதனால் அவர் தயாரித்த வண்ணப் பட்டியலில் முதல் நிறம் துணியின் மஞ்சள். அதற்குப் பிறகுதான் வெள்ளை, பச்சை, மெரூன். படத்தை அந்தப் பட்டியலுக்குள் மாற்றும்போது புள்ளியிடும் வசதியையும் அணைத்துவிட்டார். “திரையில பொடிப்புள்ளி அழகா இருக்கும். இந்தத் துணி நெசவுல பாதி ஏறாது” என்றார். நிழல் வேண்டிய பாறைக்கு மட்டும் அங்குலத்துக்கு 25 புள்ளி வரிசை என்ற கணக்கில் பெரிய புள்ளிகள் வைத்தார். நிறமும் நிறமும் தொடும் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்று இழையளவு ஏறும்படி செய்தார். துணி கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் மஞ்சள் கோடு தெரியாது.

பிறகு நிறத்துக்கு ஒன்றாக மூன்று பாசிட்டிவ்கள் கறுப்பு வெள்ளையில் அச்சாகிக் கொட்டகைக்குப் போயின. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நெட்டில் எமல்ஷன் பூசி, இருட்டில் உலர்த்தி, பாசிட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகுகிறது. கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவியதும் திறந்துகொள்கிறது. மை இறங்கும் வழி அதுதான்.

மேசையில் மை இழுத்த அக்கா இந்த வேலைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. வெள்ளையை முதலில் இழுத்தார். உலர்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு முறை. “மஞ்சத்துணி மேல வெள்ள ஒரு இழுப்புல நிக்காது சாமி. அடியில இருக்கற மஞ்ச மேல வந்துரும்” என்றார். ரப்பர் கட்டையைச் சாய்க்கும் கோணமும் கை அழுத்தமும் பைக்குப் பை மாறவே இல்லை. அழுத்தம் கூடினால் புள்ளிகள் பரந்து பாறை ஒரே கறையாகிவிடும். குறைந்தால் துடுப்பு பாதியில் நின்றுவிடும். பச்சையும் மெரூனும் ஏறியபின் பையை உலர்த்திச் சூடு காட்டுகிறார்கள். அப்போதுதான் துவைத்தாலும் நிறம் நிற்கும். அவர் உயர்த்திக் காட்டிய பையில் அருவி வெள்ளையாக இறங்கியது, பரிசலில் மனிதர் இருந்தார்.

இத்தனை வேலைக்கும் பில்லில் இருக்கும் கணக்கு: பை இத்தனை, அச்சுக்கூலி இத்தனை. டிசைனுக்கென்று ஒரு வரி இல்லை. “கம்ப்யூட்டரே பண்ணிடுதே, அதுக்கு எதுக்குக் காசுன்னு கேக்கறாங்க” என்றார் டிசைனர். கம்ப்யூட்டர் செய்தது என்ன என்பதை நான் நேரில் பார்த்தேன். அது வண்ணங்களைக் குறைத்தது, குறைக்கும்போது மனிதரையும் சேர்த்து அழித்தது. எது போகலாம், எது போகக்கூடாது என்று தீர்மானித்தவர் நாற்காலியில் இருந்தவர். வண்ணம் குறையக் குறைய அந்தத் தீர்மானத்தின் பாரம் கூடுகிறது. மூன்று மையில் செய்த படம் மலிவான படம் என்று எண்ணுவது தவறு.

கடைக்கோ கல்யாணத்துக்கோ பை அடிக்கக் கொடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: படத்தைக் கொடுக்கும்போதே அதில் உங்களுக்கு எது முக்கியம் என்று சொல்லுங்கள். நாளைக்கே வேண்டும் என்று நிற்காமல் அவகாசம் கொடுங்கள். பில்லில் டிசைன் கூலிக்கு ஒரு வரி எழுதச் சொல்லி, அதை முழுதாகக் கொடுங்கள்.