தேநீர் மன்றத்தின் காரியதரிசி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பெண்களும் ஒரு பையனும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மூவரும் கோவையில் ஒரு கல்லூரியில் படிக்கிறவர்கள். எழுத்தாளன் வீட்டைத் தேடி மாணவர்கள் வந்தால் அநேகமாக இரண்டு காரியங்களுக்குத்தான் வருவார்கள். ஆண்டு விழாவுக்குத் தலைமை வகிக்க வேண்டும்; இல்லாவிட்டால் கதை ஒன்றைத் திருத்தித் தர வேண்டும். இரண்டுக்கும் மறுப்புச் சொல்ல என்னிடம் வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. இவர்கள் கேட்டது மூன்றாவது ஒன்று.

"எங்க காலேஜ்ல டீ ரசிகர் மன்றம் ஆரம்பிக்கிறோமுங்க சார். நீங்க ஆலோசகரா இருக்கோணும்" என்றாள் மூத்தவள்.

"டீக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உங்க கதையில எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டே இருக்காங்களேங்க" என்றான் பையன்.

அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்தபடி என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பாத்திரம் விழித்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம், அவன் கையில் ஒரு டீ கிளாஸைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவது என் வழக்கம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நானும் ஒரு காலத்தில் ஒரு தேநீர் மன்றத்தின் காரியதரிசியாக இருந்தவன். இத்தனை கதை எழுதியும் அதைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. மறந்துபோனதால் அல்ல.

நான் காலேஜில் படித்தது இரண்டே வருஷம். ரசாயனம் எடுத்திருந்தேன். அப்பாவுக்குப் பீளமேட்டுப் பக்கம் ஒரு மில்லில் வேலை. மில் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைதான் எங்கள் குடும்பத்தில் டீயோடு ஏற்பட்ட முதல் உறவு. மூன்றாவது ஷிப்டு முடிந்து வரும்போது அப்பாவின் சட்டையில் பஞ்சு வாசனையும் டீ வாசனையும் சேர்ந்தே வரும். அவினாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்த என் அப்பத்தா டீயைக் குடிக்கும் பண்டமாகவே ஒப்புக்கொண்டதில்லை. காலையில் நீச்சத்தண்ணி, வந்தவருக்கு மோர், உடம்பு முடியாவிட்டால் சுக்குக் காப்பி. "டீத்தண்ணி குடிச்சா ரத்தம் சுண்டிப் போகுமடா" என்பாள். நாலு பேர் மதிக்கிற வீடு என்றால் காப்பி. உழைத்துக் களைத்தவனுக்கு டீ. கோவையில் இந்த ஜாதி வித்தியாசம் வெகு காலம் இருந்தது.

டீயும் லேசில் உள்ளே வந்துவிடவில்லை. நம்மைக் குடிக்க வைப்பதற்குப் பெரும் பிரயத்தனம் செய்திருக்கிறார்கள். தேயிலைக்குச் சந்தை பிடிப்பதற்கென்றே 1903-ல் சட்டம் போட்டு, ஏற்றுமதியாகிற தேயிலைக்கு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். பிறகு 1930-ஐ ஒட்டி அஸ்ஸாமில் மக்கெர்ச்சர் என்ற துரை ஓர் இயந்திரம் கண்டுபிடித்தார். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிப் பொடி மணிகளாகத் தள்ளுகிற பல் உருளைகள். சி.டி.சி. என்று மூட்டைகளில் போட்டிருப்பது அதுதான். ஒரு சிட்டிகைத் தூளில் ஒரு கிளாஸ் நிறையச் சாயமும் வலுவும் இறங்கிவிடுகிறது. நம் டீக்கடைகள் தழைத்தது அந்தச் சிட்டிகையால்தான்.

எங்கள் மன்றம் 1998-ல், ஜூலை மாதம் தொடங்கியது. லண்டனில் 1679-ல் ஆரம்பித்த தேயிலை ஏலம் அதே வருஷம் ஜூன் 29-ந் தேதி கடைசியாக நடந்து மூடப்பட்டிருந்தது. லண்டன் கைவிட்ட பொறுப்பைக் கோவை ஏற்றுக்கொண்டது என்று தொடக்கக் கூட்டத்தில் நான் பேசினேன். நல்ல கைதட்டல். எங்கள் ஊரிலும் 1980 முதல் தேயிலை ஏலம் நடந்து வந்ததால், அந்தப் பெருமைக்குக் கொஞ்சம் ஆதாரமும் இருந்தது. அங்கே குமாஸ்தாவாக இருந்த உறவினர் ஒருவர் மூலம் மாதிரிப் பொட்டலங்கள் சில கிடைக்கும். அவைதான் எங்கள் மூலதனம்.

இருபத்திரண்டு அங்கத்தினர்கள்; மாதச் சந்தா ஐந்து ரூபாய். டீ சோதிப்பதற்கு சர்வதேசத் தர விதி ஒன்று 1980-ல் வெளியாகியிருக்கிறது என்று எங்கள் ஆசிரியர் கண்டுபிடித்துச் சொன்னார். நூறு மில்லி கொதிநீருக்கு இரண்டு கிராம் தூள், ஆறு நிமிஷம், பிறகு வடிக்க வேண்டும். ரசாயனத் தராசில் டீத்தூளை நிறுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கரண்டியில் எடுத்து 'சுர்'ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்புவோம். ஹாஸ்டல் சமையற்காரர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "துப்புறதுக்கா காசு குடுத்து வாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ருசிக்குத் தமிழில் வார்த்தை உண்டாக்குவது என் இலாகா. நாக்கைச் சட்டென்று உசுப்புகிற குணத்துக்கு 'விறுவிறுப்பு' என்று பெயர் வைத்தேன். வாய் நிறைந்து நிற்பதற்குக் 'கட்டு'. பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, காரணம் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். இன்றைக்கு என் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள்மேல் எனக்கு அதிகக் கோபம் வருவதில்லை. நானும் ஒரு வருஷம் அந்த உத்தியோகம் பார்த்தவன்.

அங்கத்தினர்களில் ஒருவன் வால்பாறைக்காரன். பெயர் வேண்டாம். தகப்பனார் இல்லை, தாயார் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். ஆகஸ்டு மாதம் ஊருக்குப் போய் வந்தவன், காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் தூள் கொண்டு வந்து வைத்தான். தராசு, கடிகாரம், கரண்டி எல்லாம் முறைப்படி நடந்தன. 'மணமில்லை, விறுவிறுப்பில்லை, வெறும் சாயம். பத்துக்கு மூன்று' என்று எழுதி ஒட்டினேன். அவன் படித்துவிட்டுப் போனான். மறுநாள் வேறொருவன் சொன்னான், அது அவன் வீட்டில் தினசரி குடிக்கிற தூள் என்று. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் காகிதத்தைக் கிழித்துப் போடவில்லை. மார்க்கு மார்க்குத்தானே!

தை மாதம் அவன் எங்களில் நாலு பேரைத் தன் வீட்டுக்கு அழைத்தான். ஆழியாற்றுக்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். சுமார் மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் பஸ் இறக்கிவிட்டபோது, கண்ணெட்டிய தூரம் மலையைப் பச்சைக் கம்பளத்தால் போர்த்தியிருந்தது. அழகு என்று சொன்னோம். காட்டை அழித்து அந்தக் கம்பளத்தை விரித்தவர்கள் பட்ட பாட்டை, அங்கே டாக்டராக வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969-லேயே ஆங்கிலத்தில் நாவலாக எழுதியிருந்தார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கி 2007-ல் வெளிவந்த பிறகுதான் நான் படித்தேன். படித்திருந்தால் அன்று அவ்வளவு சுலபமாக 'அழகு' என்று சொல்லியிருக்க மாட்டேன்.

லைன் வீட்டில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். அந்த அம்மாள் எங்களுக்குப் பால் விடாத டீ கொடுத்தார். விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. எதை நினைத்தேனோ, நானே பேச்சை எடுத்தேன். "உங்க வீட்டுத் தூளுக்கு மார்க்குக் கம்மியாப் போட்டுட்டேனுங்கம்மா."

"தம்பி சொல்லிச்சு. சரியாத்தான் போட்டிருக்கீக" என்றார் சிரித்துக்கொண்டே. "அது மழைக் கொழுந்து. மழையில செடி மளமளன்னு தளுக்கும். எடை ஏறும், மணம் ஏறாது. பத்தாததுக்கு, எடைக்குன்னு முத்தலையும் சேத்து முறிச்சுப் போட்டா தூள் எப்படி இருக்கும்? பனிக் காலத்துல மெதுவா வர்ற கொழுந்துலதான் மணம். ரெண்டு இலை, ஒரு மொட்டு, அதுக்குக் கீழே கைவைக்கக் கூடாது."

நாலரைக் கிலோப் பச்சை இலை போனால் ஒரு கிலோத் தூள் வரும் என்பதையும், வாட வைக்கும்போது ஒரு வாசனை, உருட்டிய பின் சிவந்து வரும்போது இன்னொரு வாசனை என்பதையும் அவரே சொன்னார். ஆறு மாதம் தராசும் கரண்டியுமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த சங்கதிகள் அந்தச் சமையல் மூலையில் கேட்பாரில்லாமல் கிடந்தன.

என் பையில் ஏல மாதிரிப் பொட்டலம் ஒன்று இருந்தது. அந்த மலையிலேயே விளைந்த பனிக் காலத்துத் தூள். நாங்கள் எட்டரை மார்க்குப் போட்டது. போட்டுக் கொடுத்தோம். அவர் நின்றபடியே குடித்தார். பாதி கிளாஸில் நிறுத்தி, "நல்லாத்தான் இருக்கு. மணமா இருக்கு. ஆனா இதைக் குடிச்சிட்டு மலை ஏற முடியாது தம்பி" என்றார்.

எங்கள் மார்க்குப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை இருபது வருஷத்துக்கு முன்பே எழுதியிருப்பேன். ஏப்ரல் மாதம் பரீட்சைப் பணம் கட்டவேண்டிய சமயம். வால்பாறைக்காரன் ஹாஸ்டல் வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்தான். அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை. இருநூற்று அறுபது ரூபாய் வேண்டும். மன்றத்துப் பணத்திலிருந்து கொடுத்தால் ஜூன் மாதம் திருப்பிவிடுவான். மன்றத்துப் பணம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. குன்னூரிலிருந்து வெள்ளைப் பீங்கான் சோதனைக் கோப்பைகள் தருவிப்பதற்காகச் சேர்த்த பணம்.

நான் சொன்ன பதில் இன்றைக்கும் வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "இது பொதுப் பணம். கமிட்டியைக் கூட்டித் தீர்மானம் போட்டுத்தான் தர முடியும்."

"எப்பக் கூட்டுவே?"

"இந்த வாரம்."

பொதுப் பணத்தில் கண்டிப்பாக இருப்பது நல்ல குணம் என்று அப்போது மனசார நம்பினேன். அந்த வாரம் ஒருவன் ஊரில் இல்லை. அடுத்த வாரம் செய்முறைப் பரீட்சை. கெடு கடந்துவிட்டது. அவன் மறுபடி கேட்கவில்லை; ஒருநாள் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான். அடுத்த மாதம் என் அப்பாவின் மில்லுக்கும் பூட்டு விழுந்தது. நான் நூல் கடை ஒன்றில் கணக்கெழுதப் போனேன். மன்றத்துப் பணம்? எங்கள் வீட்டு மளிகைக் கடன் தீர்ந்தது அதில்தான். அதற்குக் கமிட்டியும் கூடவில்லை, தீர்மானமும் போடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் கொடிசியாவில் நடந்த புத்தகத் திருவிழாவில் ஒரு மனிதர் என் நாவலைக் கையெழுத்துக்கு நீட்டினார். நரைத்த மீசை, பக்கத்தில் மகள். பெயரைக் கேட்பதற்கு நிமிர்ந்தேன்.

"என்னப்பா காரியதரிசி, சௌக்கியமா?"

அவனேதான். மறு வருஷம் பரீட்சை எழுதித் தேறிவிட்டானாம். இப்போது தேயிலை ஃபாக்டரி ஒன்றில் இலை தரம் பார்க்கிற வேலை. அம்மா காலமாகி வெகு நாளாயிற்று. எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, ஒன்றும் வரவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். புத்தகத்தை வாங்கிக்கொண்டு, குனிந்து, குரலில் கோபம் ஒரு துளியும் இல்லாமல் கேட்டான்.

"அந்தக் கமிட்டி கூடிச்சா? என்ன தீர்மானம் ஆச்சு?"

சிரித்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை.

அந்த மூன்று பிள்ளைகளும் மன்றத்து விதிகளைத் தட்டச்சுச் செய்து கொண்டு வந்திருந்தார்கள். சந்தா, கோரம், கணக்குத் தணிக்கை எல்லாம் ஒழுங்காக இருந்தன. "ஆலோசகராக இருக்கிறேன். ஆனால் ஒரு விதி சேர்க்க வேண்டும்" என்று பேனாவை எடுத்தேன்.

'சந்தாவில் பாதி, பூட்டில்லாத ஒரு தகர டப்பாவில் டீத்தூளுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கத்தினர் யாரும் காரியதரிசியைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம்.'

மூத்தவள் அதை இரண்டு தரம் படித்தாள். "யாராச்சும் சும்மா எடுத்துட்டுப் போயிட்டா என்னங்க சார் பண்றது?" என்றாள்.

"போகட்டும் அம்மிணி" என்றேன்.

உள்ளே என் மனைவி டீ போட்டிருந்தாள். பிள்ளைகள் ஆளுக்கொரு கிளாஸை வாங்கி, முகர்ந்து பார்த்து, சத்தத்தோடு உறிஞ்சினார்கள். பையன் பத்துக்கு எத்தனை என்று சொல்ல வாயெடுத்தான். நான் ஜாடை காட்டி நிறுத்திவிட்டேன்.