தொட்டுத் தேய்ந்த தாள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிற்பகலில் மூதாட்டி ஒருவர் நமது பங்கு அலுவலகத்திற்கு வந்தார். "சாமி, எம் மூத்த மகன் பேரு ஞானஸ்நானப் புஸ்தகத்துல இருக்கும். ஒரு தடவை பாக்கணும்" என்றார். சான்றிதழ் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. திருமுழுக்குப் பெற்ற நாற்பதாம் நாளே அக்குழந்தை இறந்துவிட்டது. நிழற்படம் இல்லை, கல்லறையில் கல்லும் இல்லை. அப்பெயர் எழுத்தில் இருப்பது அந்த ஒரு வரியில் மட்டுமே. தேடி எடுத்துக் காட்டினோம். எழுத்தறியாத அவர், வரி எதுவெனக் கேட்டறிந்து விரலை நீட்டினார். "தொடாதீங்கம்மா, தாள் பொடிஞ்சிரும்" என்றோம். கையை மடக்கிக்கொண்டு சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுப் போனார். பழைய ஏட்டைக் காத்துவிட்ட மனநிறைவோடு நாமும் அலமாரியைப் பூட்டினோம்.

அந்த மனநிறைவைக் குலைத்தது, பின்னர் நாம் படிக்க நேர்ந்த ஓர் ஆங்கிலக் கவிதை. 'டிஷ்யூ' என்பது அதன் பெயர். 'என் மேசையில் பயங்கரவாதி' என்று பொருள்படும் தலைப்புடன் 2006-ஆம் ஆண்டு வெளிவந்த தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. எழுதியவர் இம்தியாஸ் தார்க்கர். 1954-இல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வளர்ந்த பெண் கவிஞர்; ஓவியரும் ஆவார். பலர் கைபட்டுத் தேய்ந்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்துபோன காகிதமே அக்கவிதையின் பொருள். அத்தகைய தாளுக்கு அவர் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு, ஒரு குடும்பத்துத் திருக்குர்ஆனின் பின்பக்கம்.

இதைப் புரிந்துகொள்ள, அவ்வீடுகளின் வழக்கம் ஒன்றை அறிதல் வேண்டும். இசுலாமியக் குடும்பங்கள் பலவற்றில் திருக்குர்ஆனின் கடைசி வெற்றுத் தாள்களில் பிறந்தோர், இறந்தோர் பெயர்களையும் நாள்களையும் எழுதி வைப்பர். பாட்டனின் கையெழுத்துக்குக் கீழே பேரனின் கையெழுத்து வரும். கை கால் கழுவித் தூய்மை செய்த பின்னரே தொடும் நூல் அது. பழுதடைந்த படிகளையும் அவர்கள் குப்பையில் எறிவதில்லை. துணியில் சுற்றி மண்ணில் புதைப்பர். பாகிஸ்தானின் குவெட்டா நகருக்கு அருகே, மலையைக் குடைந்த சுரங்கங்களில் 1992 முதல் அத்தகைய படிகளைச் சேர்த்து வைத்து வருகின்றனர். பழுதுற்ற திருப்பொருள்களை எரித்தோ புதைத்தோ விடும் நமக்கு இம்மரியாதை அயலானது அன்று.

கவிஞர் வளர்ந்த ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் வேறு வடிவில் இருந்தது. அங்கே அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1855-இல்தான். சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பங்கள் தம் வீட்டு விவிலியத்தின் வெற்றுத் தாள்களில் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வந்தன. நம் திருச்சபையிலோ, 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணங்களைப் பதியப் பங்குத்தந்தையர் ஏடு வைத்திருக்க வேண்டும் எனப் பணித்தது. ஓரிடத்தில் குர்ஆன், ஓரிடத்தில் விவிலியம், ஓரிடத்தில் பங்குப் பதிவேடு. இறைவனின் பெயருக்கு அருகில் தம் பிள்ளையின் பெயரும் இருக்கட்டும் என்ற ஆசை மட்டும் எங்கும் ஒன்றே.

ஆனால் காகிதத்திற்கு இன்னொரு முகமும் உண்டு. கவிதை அடுத்து வரைபடங்களைப் பேசுகிறது. லாகூரில் பிறந்தவருக்கு வரைபடம் எளிய பொருளாய் இருக்க முடியாது. 1947-ஆம் ஆண்டு சூலை 8 அன்று, அதற்குமுன் இந்தியாவைக் கண்டிராத சிரில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில வழக்கறிஞர் தில்லிக்கு வந்து சேர்ந்தார். ஏறத்தாழ ஐந்தே வாரங்களில், வரைபடங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் வைத்துப் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துக் கோடு வரைந்தார். விடுதலைக்குப் பின், ஆகஸ்ட் 17 அன்றே அது வெளியிடப்பட்டது. லாகூர் ஒரு நாட்டிலும், ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அமிர்தசரசு மற்றொரு நாட்டிலும் ஆயின. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். பல இலட்சம் பேர் மாண்டனர். குர்ஆனின் பின்தாளும் காகிதம். ராட்கிளிஃப் கோடு வரைந்ததும் காகிதம். முன்னதில் எழுதிய கைக்கு ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகம் தெரியும். பின்னதில் எழுதிய கைக்கு ஒரு முகமும் தெரியாது.

அத்தொகுப்பு வெளிவந்த காலத்தையும் மறத்தலாகாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதல், 2003 ஈராக் போர், 2005 சூலை 7 அன்று இலண்டனில் 52 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்புகள் ஆகியவற்றுக்குப் பின், மேலைநாடுகளில் இசுலாமியப் பெயரே ஐயத்திற்குரியதாய் ஆகியிருந்தது. அவ்வேளையில் இக்கவிஞர் குர்ஆனை விவாதப் பொருளாக்கவில்லை. அதன் கடைசித் தாளைத் திறந்து, இங்கே ஒரு குழந்தை பிறந்த நாள் எழுதப்பட்டுள்ளது, பாருங்கள் என்பதுபோல் நீட்டுகிறார்.

கவிதையின் தலைப்பும் எண்ணத்தக்கது. நெய்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. மெல்லிய தாளுக்கும் உடலின் தசைப்பகுதிக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கும் 'திசு' என்பதும் அதுதான். நெய்யும் இழைக்கும் படிக்கும் புத்தகத்திற்கும் 'நூல்' என ஒரே பெயரிட்ட தமிழர்க்கு இவ்வுறவை விளக்க வேண்டியதில்லை. கவிதையின் முடிவில் காகிதம் மனிதத் தோலாகவே மாறிவிடுகிறது. எசாயாவின் நூலில், தம் மக்களை உள்ளங்கையில் பொறித்து வைத்திருப்பதாக இறைவன் கூறும் இடம் அப்போது நம் நினைவுக்கு வந்தது. அவரும் பெயர் எழுதத் தோலையே தேர்ந்தார்.

படித்து முடித்ததும் நம் நெஞ்சில் நின்றது அம்மூதாட்டியின் மடங்கிய விரல். தாள் பொடியும் என அஞ்சினோம்; அத்தாள் எதற்காக இருக்கிறது என எண்ணவில்லை. அவரை அழைத்து வரச் சொல்லலாம் என நினைத்த வேளையில் அவரது அடக்கத் திருப்பலிக்கே செல்ல நேர்ந்தது. அன்று மாலை இறந்தோர் பதிவேட்டில் அவர் பெயரை எழுதினோம். பின் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறந்து, அவர் தொடாமற்போன வரியின் மேல் நமது விரலை வைத்தோம். தாள் பொடியவில்லை.

இப்போது எவரேனும் தம் பிள்ளையின் பெயரைப் பார்க்க வேண்டும் என்று வந்தால், கைகழுவத் தண்ணீர் தருகிறோம். ஏட்டை விரித்து அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிறோம்.